மாவுப் பையில் அம்மாவின் கை

அம்மா சொந்த ஊரை விட்டு வந்ததற்குக் காரணம் காதலும் இல்லை, பஞ்சமும் இல்லை. ஒரு திருகைதான் காரணம்.

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கல். மேல் கல்லில் ஒரு குழி, ஒரு கைப்பிடி. குழியில் தானியத்தைப் போட்டுக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் ஓரத்தில் மாவு வழியும். சுற்றிக்கொண்டே இருந்தால்தான் வழியும். கைப்பிடி எட்டும் வயது வந்த நாளிலிருந்து அந்த வேலை அம்மாவுடையது. பாட்டி விடியும் முன்பே வயலுக்குப் போய்விடுவாள். தாத்தா தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார். வீட்டில் சாப்பிட வாய்கள் நிறைய. திருகை சுற்ற அம்மாவின் கை மட்டும். பள்ளிக்கூடத்தில் எழுதுகோல் பிடித்தால் விரல் தானாக வட்டம் போடும் என்பாள்.

பத்தொன்பது வயதில், பேருந்தின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தாள். நகரத்தில் இருக்கும் மாவு ஆலைக்குப் பெண்கள் தேவை.

“மாவு தானா வந்து கொட்டுற இடம் ஒண்ணு உலகத்துல இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. விடுவேனா?” என்பாள்.

மகள் பட்டணம் போகிறேன் என்றதும் தாத்தா கண்கலங்கவில்லை. “வேலை பாக்குறவங்களுக்கு மாவு கொறஞ்ச விலைக்குத் தருவாங்களா?” என்று கேட்டார். பாட்டி மட்டும் கொஞ்ச நேரம் திருகையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இனி யார் சுற்றுவது என்பது அவள் கவலை.

அந்தக் கவலை வெகுநாள் நீடிக்கவில்லை. அம்மா கிளம்பிய அதே வருஷம் பக்கத்து ஊருக்கு மின்சார மில் வந்துவிட்டது. மூட்டையைக் கொண்டுபோய்ப் போட்டால், ஒரு வாய் பேசி முடிப்பதற்குள் மாவு. முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போன அம்மா, திருகையின் மேல்கல் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“மில்லுக்காரன் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நீ பொறந்திருக்கவே மாட்ட” என்று என்னிடம் சொல்வாள். அது உண்மைதான். ஆலை வாசலில் நிற்கும் பேருந்தின் ஓட்டுநர்தான் என் அப்பா.

ஆலையில் அம்மாவுக்குப் பை கட்டும் கூடத்தில் வேலை. மேலே குழாயிலிருந்து மாவு கொட்டும். பையைப் பிடிக்க வேண்டும், எடை சரியா என்று பார்க்க வேண்டும், தையல் இயந்திரத்தில் பையின் வாயைக் கொடுத்துத் தைத்துத் தள்ள வேண்டும். சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் எல்லாம் சைகைதான். இரண்டு விரல் காட்டினால் நூல் தீர்ந்துவிட்டது. கையைத் தலைக்குமேல் தூக்கினால் இயந்திரத்தை நிறுத்து. வேலை முடிந்து வரும்போது அம்மாவின் இமை முடி வெள்ளையாக இருக்கும். நான் சிறுமியாக இருந்தபோது அவளுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

அங்கே அவள் கூடத்து மேற்பார்வையாளராக ஆகியிருந்த காலத்தில்தான் விற்பனை படுத்துவிட்டது. பழைய முதலாளி ஒதுங்கிக்கொண்டு மகனிடம் பொறுப்பைக் கொடுத்தார். சின்ன முதலாளி ஒரு விளம்பரக்காரரைக் கூட்டிவந்தார். முழங்காலில் கிழிந்த கால்சட்டை, காதில் கடுக்கன், நல்ல மனசு. ஜனங்கள் இயந்திர மாவை வெறுக்கிறார்கள், கிராமத்துக்காக ஏங்குகிறார்கள் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அதனால் அதே மாவு, அதே இரும்பு உருளைகளில் அரைபட்டு, இனிமேல் ‘திருகை’ என்ற பெயரில் வரப்போகிறது. பையின்மேல் ஒரு கிராமத்துத் தம்பதியின் படம். அவர்கள் ஆலைத் தொழிலாளி ஒருவரின் சொந்தத் தாய் தகப்பனாக இருந்தால் இன்னும் விசேஷம்.

அவர் பை கட்டும் கூடத்துக்கு வந்து, சத்தத்துக்குமேல் கத்தினார். “உங்கள்ல யாருக்குச் சொந்த ஊர் கிராமம்?”

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கிராமம்தான். ஒருத்தரும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பை இயந்திரத்தில் சிக்கிக்கொண்டது. அம்மா கையைத் தலைக்குமேல் தூக்கினாள்.

“ஆகா, நீங்களா! அப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்காங்களா?”

“இருக்காங்க சார். நான் கையைத் தூக்கினது மிஷினை நிறுத்த.”

“அவங்க இன்னும் கிராமத்துலதானே இருக்காங்க?”

“அங்கதான் இருக்காங்க. ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி...”

மீதியை இயந்திரச் சத்தம் விழுங்கிவிட்டது. விளம்பரக்காரர் அதற்குள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே ஒரு வேன் பிடித்துக் கிளம்பினார்கள். புகைப்படக்காரர், உதவியாளர்கள், விளக்குகள், அம்மா. கல்லூரி விடுமுறையில் இருந்த நானும் ஒட்டிக்கொண்டேன். வழியெல்லாம் விளம்பரக்காரர் மண்சுவர், ஓட்டுக்கூரை, சுருக்கம் விழுந்த சிரிப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

வேன் நின்ற இடத்தில் மண்சுவர் இல்லை. தாத்தா வீட்டைச் சிமெண்டில் பூசி, ரோஜாப்பூ நிறத்தில் வண்ணம் அடித்திருந்தார். கூரைக்குத் தகரம். முற்றம் முழுக்கச் சிமெண்ட் தரை. முன்னறையில், வருகிறவர் கண்ணில் படும்படியாக ஒரு குளிர்சாதனப் பெட்டி.

தாத்தா அன்றைக்கு மடிப்புக் கலையாத கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, பளபளக்கும் கைக்கடிகாரம் கட்டி, மீசைக்கும் தலைக்கும் கருகருவென்று மை பூசியிருந்தார். படம் எடுக்கிறார்கள் என்று அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்ததன் விளைவு. பாட்டி வழக்கம்போல முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். கதிரடிக்கும் இயந்திரத்தில் பின்னல் மாட்டிக்கொண்ட வருஷத்திலிருந்து அப்படித்தான். மூக்கில் தடித்த கண்ணாடி. ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். யாரைப் பார்த்தாலும் பாலில் தண்ணீர் கலந்தவரைப் பார்ப்பதுபோலவே பார்ப்பாள்.

விளம்பரக்காரர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாக அம்மாவிடம், “இவங்கதானா?” என்றார்.

“இவங்களேதான் சார். வேற செட் கிடையாது.”

அவர் மனம் தளரவில்லை. குளிர்சாதனப் பெட்டிமேல் பாய் ஒன்றைத் தொங்கவிட்டார். பிறகு ரோஜா நிறச் சுவரில் ஒரு பக்கத்துக்குக் களிமண் பூசிக்கொள்ளலாமா, படம் எடுத்ததும் கழுவித் தந்துவிடுகிறோம் என்று பணிவாகக் கேட்டார்.

“எதுக்கு?” என்றாள் பாட்டி.

“இயற்கையா இருக்கும் பாட்டி.”

“மண்ணுச் சுவரு மழைக்குக் கரையும். கரைஞ்சா பூசணும். பூசினா மறுபடி கரையும். பாதி ஆயுசு அதுலயே போச்சு எங்களுக்கு. கடன்பட்டு, ஆடு மாடு வித்து, இப்பத்தான் சுவரு சுவரா நிக்குது. அதுமேல மறுபடி மண்ணா?”

“பின்பக்கம் ஒரு இடம் மட்டும்...”

“நீங்க உங்க கால்சட்டைக் கிழிசலைத் தைச்சுட்டு வாங்க. அப்புறம் சுவரைப் பத்திப் பேசலாம்.”

கடைசியில் பின்பக்கம் இருந்த பழைய மாட்டுக்கொட்டகையில், பூசாத சுவர் ஒன்று அகப்பட்டது. தாத்தாவைக் கால்சட்டையை மாற்றிக்கொண்டு பழைய துணி ஏதாவது கட்டச் சொன்னார்கள். பழசையெல்லாம் பாத்திரக்காரனிடம் போட்டு வாளி வாங்கிவிட்டதாக அவர் சொன்னார். மீசை மையைக் கழுவ முடியுமா என்று கேட்டார்கள். “முடியும். ஆனா மாட்டேன்” என்றார்.

மறுநாள் நகரத்திலிருந்து ஒரு கார் வந்தது. அதிலிருந்து எங்கள் தாத்தாவும் பாட்டியும் இறங்கினார்கள்.

ஒருவர் நாடகக் கம்பெனிக்குத் துணி தைக்கும் தையற்காரர். பஞ்சுபோல வெள்ளைத் தாடி. அந்தத் தாடிக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர். இன்னொருவர், மேடையில் அம்மா வேஷம் போட்டே வயதான ஒரு நடிகை. நாடக அம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பிறந்து வளர்ந்தது முழுக்க நகரத்து அடுக்குமாடி. மாட்டைப் பார்த்ததும் என் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

அவர்களுக்கு என்று வாங்கிவந்த புதுத் துணியை உதவியாளர்கள் கல்லில் தேய்த்து, மண்ணில் புரட்டிப் பழசாக்கினார்கள். பாட்டி வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா தாடிக்காரரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“என் வேஷத்தை உங்களுக்குக் குடுத்துட்டாங்க. சரி. எனக்கு யாரு வேஷம்?”

“எனக்குத் தைக்க வேண்டிய துணி நெறைய கெடக்கு. போய்த் தைக்கிறீங்களா?” என்றார் தாடிக்காரர்.

இரண்டு பேருக்கும் அந்த நிமிஷமே ஒட்டிக்கொண்டது. தாத்தா அவரைத் தோளில் கைபோட்டுத் தன் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைக் காட்ட இழுத்துக்கொண்டு போனார். தாடிக்காரரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவருவதே பெரும்பாடாகிவிட்டது.

கோழிக்கூட்டிலிருந்து திருகை வந்தது. கழுவித் துடைத்து, சுவரோரம் வைத்து, நாடக அம்மாவை உட்கார்த்தினார்கள். அவர் முகம் என்னவோ பிரமாதமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக அரைத்துக் களைத்த பெருமை அதில் பொங்கி வழிந்தது. ஆனால் கல் நகரவில்லை. நகர்ந்தபோது கை வழுக்கியது. கிட்டத்தில் எடுத்த படத்தில் அந்தக் கைகள் பூ வைத்திருந்த தட்டைத் திருப்புவதுபோல இருந்தன.

“கை மட்டும் வேற யாரோடதாவது இருந்தா...” என்று இழுத்தார் புகைப்படக்காரர். எல்லாரும் பாட்டியைப் பார்த்தார்கள்.

“எனக்குச் சங்கத்துல பால் அளக்கிற நேரம்” என்றாள் பாட்டி. பிறகு, அம்மாவைப் பார்த்துத் தாடையை அசைத்தாள். “அவ செய்வா. நல்லாச் சுத்துவா.”

அம்மா அப்படியே நின்றாள். ஒரு திருகையிடமிருந்து தப்பிக்க வீட்டை விட்டு, ஊரை விட்டு, அறிமுகம் இல்லாத நகரத்தில் இரும்பு உருளைகளின் நிழலில் ஒதுங்கியவள். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் சம்பளம் தருகிற கம்பெனி. சின்ன முதலாளியிடம் விளம்பரக்காரர் ஏற்கெனவே அவளைப் பற்றிப் புகழ்ந்து தள்ளியிருந்தார். அவள் உட்கார்ந்தாள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, யாரும் சொல்லித்தராமலே சரியாக உட்கார்ந்தாள்.

கல் சுற்றத் தொடங்கியது. கரகரவென்ற சத்தம். பகல் முழுக்க எடுத்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்றார்கள், மாவு போதவில்லை என்றார்கள், விரலை இன்னும் பாசமாக வைக்கச் சொன்னார்கள். அம்மா சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பால் அளந்துவிட்டுத் திரும்பிய பாட்டி வாசலில் நின்று பார்த்தாள்.

“இப்பவும் இடது பக்கமாச் சாயுற” என்றாள்.

“தோள் வலிக்குதும்மா.”

“அப்பவும் வலிச்சுதா?”

“தெனமும் வலிச்சுது.”

“நீ சொல்லவே இல்லையே.”

“நீ கேக்கவே இல்லையே.”

புகைப்படக்காரர், “அம்மா, பேசாம இருங்க, கை ஆடுது” என்றார். பாட்டி உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தைல டப்பாவோடு வந்து, படம் எடுப்பவர்களை விலக்கிக்கொண்டு நுழைந்து, அம்மாவின் தோளில் தேய்க்க ஆரம்பித்தாள். விளம்பரக்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “இது! இதுதான்! இதை எடுங்க!” என்று கத்தினார். பாட்டி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை.

‘திருகை’ கடைக்கு வந்தது. பையின் முகப்பில் நாடக அம்மாவின் முகம், தாடிக்காரரின் தாடி, எங்கள் அம்மாவின் கை. பின்பக்கம், ‘எங்கள் தொழிலாளியின் அன்புப் பெற்றோர்’ என்று அச்சடித்திருந்தது. மாவு பறந்தது. அம்மா தினமும் தன் கையைத் தானே தைத்துத் தள்ளினாள்.

கூடத்தில் மற்ற பெண்கள் விடவில்லை. “உங்கப்பா பாக்க முனிவர் மாதிரி இருக்காரு” என்பார்கள். விளக்கிச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. ஊரிலோ தாத்தா கடைக்குக் கடை போய்ப் பையைக் காட்டி, “இது என் பொண்டாட்டி, இது அவ புருஷன்” என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

அந்த வருஷம் விற்பனை விழா. பெரிய மண்டபம். மேடையில் ‘அன்புப் பெற்றோர்’ இருவருக்கும் மரியாதை செய்ய ஏற்பாடு. அம்மா அவர்களுக்குப் பூங்கொத்துக் கொடுத்து நாலு வார்த்தை பேச வேண்டும். உண்மைத் தாத்தா பாட்டிக்கும் அழைப்பு இருந்தது. ‘ஊர்க்காரர்கள்’ என்ற சீட்டு ஒட்டிய கடைசி வரிசை நாற்காலியில்.

அம்மா பூங்கொத்தோடு மேடை ஏறினாள். நாடக அம்மா அவளிடம் குனிந்து, “என்னை மன்னிச்சிரும்மா. வேலைன்னு வந்துட்டேன்” என்று கிசுகிசுத்தார். அது ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. யாருக்கும் புரியவில்லை.

அம்மாவுக்குப் பேசிப் பழக்கம் இல்லை. வாழ்நாளெல்லாம் சைகையில் வேலை பார்த்தவள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இந்தம்மா நல்ல நடிகை. இந்த ஐயா நல்ல தையற்காரர். ரெண்டு பேரும் என்னைப் பெத்தவங்க இல்ல. என்னைப் பெத்தவங்க கடைசி வரிசையில, மின்விசிறிக்குக் கீழ உக்காந்திருக்காங்க. முடியைக் கத்தரிச்சவங்க எங்கம்மா. மீசைக்கு மை பூசினவரு எங்கப்பா. படத்துக்கு அவங்க தோதுப்படல. கை மட்டும் என்னுது.”

மண்டபம் மொத்தமும் திரும்பியது. தாத்தா எழுந்து கடிகாரம் கட்டிய கையை உயர்த்தி ஆட்டினார். பாட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார்த்தினாள். முதலில் தாடிக்காரர்தான் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். என்ன ஒரு தன்னடக்கம், என்ன ஒரு நகைச்சுவை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் கம்பெனி மானம் போய்விடும் என்று வெலவெலத்திருந்த சின்ன முதலாளிக்கு உயிர் வந்தது. நாடக அம்மா, எங்கள் அம்மா கையிலிருந்த பூங்கொத்தை வாங்கிக்கொண்டு நேராகக் கடைசி வரிசைக்குப் போய்ப் பாட்டியின் மடியில் வைத்தார்.

“இதை வச்சு நான் என்ன பண்ண? மாடு தின்னுமா?” என்றாள் பாட்டி. ஆனால் ஊர் போகும்வரை மடியை விட்டு இறக்கவில்லை.

அம்மாவை வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று அப்பா பயந்தார். தூக்கித்தான் விட்டார்கள், மேலே. ‘பாரம்பரிய ஆலோசகர்’ என்று ஒரு பதவி, குளிரூட்டிய அறையில் மேசை. உங்கள் முன்னோர் மாவை எப்படிப் பாதுகாத்தார்கள் என்று விளம்பரக்காரர் ஆவலோடு கேட்டார். “பாதுகாக்கல. புழு வந்துச்சு. சலிச்சுட்டுச் சாப்பிட்டோம்” என்றாள் அம்மா. மண்பாண்டத்தில் வைத்தால் மணம் கூடுமா என்று கேட்டார். “எலி கூடும்” என்றாள்.

அந்தப் பதவியில் அவள் எழுதிக் கொடுத்த ஒரே ஆலோசனை, பை கட்டும் கூடத்தில் மாவுத் தூசியை உறிஞ்சும் விசிறி வேண்டும், நிற்கிற பெண்களுக்கு முக்காலி வேண்டும் என்பது. அந்தக் காலத்தில் பெண்கள் முக்காலியில் உட்கார்ந்தா அரைத்தார்கள் என்று கேட்டார்கள். அது எங்கள் பாரம்பரியம் என்று கூசாமல் சொல்லிவிட்டாள். விசிறியும் முக்காலியும் வந்தன. வந்ததும் அவள் குளிரூட்டிய அறையை விட்டுவிட்டுக் கூடத்துக்கே திரும்பிப் போனாள். சும்மா உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று காரணம் சொன்னாள்.

தாத்தா போனபிறகு பாட்டியை எங்களோடு கூட்டிவந்தோம். மண்ணைப் பிரிந்து தவிப்பாள் என்று அக்கம்பக்கம் எல்லாம் இரக்கப்பட்டது. ஒரு வீட்டுக்காரர் மாடியில் செடி வளர்க்கத் தொட்டியும் மண்ணும் கொண்டுவந்து கொடுத்தார்.

“இதுகிட்டேருந்து ஒரு வழியாத் தப்பிச்சு வந்தா, மாடிக்குத் தூக்கிட்டு வந்திருக்காரு பாரு” என்று பாட்டி அவர் எதிரிலேயே சொன்னாள். மின்தூக்கி மட்டும் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. காரணமே இல்லாமல் ஏறி இறங்குவாள். நாடக அம்மா அடிக்கடி வருவார். இரண்டு பேரும் தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே, அதில் அழுகிற பெண் சரியாக அழுகிறாளா என்று சண்டை போடுவார்கள்.

அம்மாவும் பாட்டியும் பழைய நாட்களைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. சில சாயங்காலங்களில் பாட்டி ஒன்றும் சொல்லாமல் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். அம்மா தோளைக் காட்டுவாள். அவ்வளவுதான்.

பாட்டி இறந்தபோது, தாத்தாவும் அவளும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று வேண்டும் என்று தேடினோம். வீட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாக் கடையிலும் இருந்த படத்தில் இருந்தது வேறு தம்பதி. நான் விளம்பரக்காரரிடம் கேட்டேன். அவர் பழைய பெட்டிகளைக் குடைந்து, அன்றைக்கு வெளிச்சம் பார்க்க எடுத்த ஒரு படத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். மாட்டுக்கொட்டகைச் சுவர் முன்னால் தாத்தா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாட்டி யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள், வாய் திறந்தபடி, கண்ணாடி மூக்கு நுனியில்.

துக்கம் கேட்க வந்த உறவுக்காரர் ஒருவர், “இதைவிட நல்ல படம் கெடைக்கலையா?” என்றார்.

“இதுல ரெண்டு பேரும் அப்படியே இருக்காங்க சித்தப்பா” என்றாள் அம்மா.

போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். அவளுக்குப் படத்துக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் ஆலையில் எடுத்தவை. எல்லாவற்றிலும் தலையில் வலைத்தொப்பி, முகத்தில் மாவு. அதில் கொஞ்சம் சிரிப்பதுபோலத் தெரிந்த ஒன்றைப் பெரிதாக்கினோம். கடைக்காரப் பையன் கணினியில் அந்தத் தொப்பியை எடுத்துவிட்டு நல்ல கூந்தல் வைத்துத் தரவா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.